கழுத்தில் ஓடும் தறி

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் காதில் விழும். அங்கே ஒரு பட்டுச் சேலை எப்படி உருவாகிறது என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பெரும்பாலும் நெசவாளர் தாமே பட்டு வாங்கி, தாமே நெய்து, தாமே கடை வைத்து விற்பதில்லை. கூட்டுறவுச் சங்கமோ பட்டு வியாபாரியோ பாவு, ஊடை, சரிகை ஆகியவற்றைக் கொடுத்து, இத்தனை சேலை வேண்டும் என்று ஆர்டர் தருவார்கள். கடையில் இருப்பு குறைந்தால் ஆர்டர் பெருகும். இருப்பு தேங்கினால் ஆர்டர் குறையும். தறியும் அதற்கு ஏற்ப ஓடும்.

நண்பர்களே, இப்படி ஆர்டருக்குக் காத்திருந்து ஓடும் ஒரு தறி நம் ஒவ்வொருவர் கழுத்திலும் இருக்கிறது. அதுதான் தைராய்டுச் சுரப்பி. இந்தத் தறி மந்தமானால் என்ன ஆகும்? மிக விரைவாக ஓடினால் என்ன ஆகும்? மருத்துவர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? இவற்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சுரப்பியும் அதன் சரக்கும்

உங்கள் தொண்டையில் விரலை வைத்து எச்சிலை விழுங்குங்கள். கெட்டியான ஒரு பகுதி மேலும் கீழும் நகர்கிறது அல்லவா? அது குரல்வளை. அதற்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழாயை அணைத்தபடி, பட்டாம்பூச்சி இறகு விரித்த வடிவில் தைராய்டு இருக்கிறது. வளர்ந்தவர்களிடம் அதன் எடை சுமார் 20 கிராம்தான்.

வியர்வைச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவை தம் நீரைக் குழாய் வழியாக வெளியேற்றுகின்றன. தைராய்டுக்கு அத்தகைய குழாய் இல்லை. தான் செய்த ஹார்மோனை நேரே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆகையால் இதனை நாளமில்லாச் சுரப்பி என்கிறோம். இத்தகைய சுரப்பிகளின் நோய்களில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவரே நாளமில்லாச் சுரப்பி நிபுணர். எண்டோகிரினாலஜிஸ்ட் என்ற பெயர்ப்பலகையை மருத்துவமனைகளில் நீங்கள் பார்த்திருக்கலாம்.

தைராய்டு செய்யும் முக்கியமான சரக்கு தைராக்சின். இதைச் சுருக்கமாக டி-4 என்பார்கள். இதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை நீக்கினால் கிடைப்பது டி-3. உடலின் செல்களில் நேரடியாக வேலை செய்வது பெரும்பாலும் டி-3 தான்.

தைராக்சினை உருவாக்க இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று அயோடின். மற்றொன்று டைரோசின் என்ற அமினோ அமிலம். பட்டு இழையும் ஒரு புரதம்தான். அதிலும் டைரோசின் உண்டு! காஞ்சிபுரத்துத் தறியில் ஓடும் இழையிலும் நம் கழுத்துத் தறியின் சரக்கிலும் ஒரே அமினோ அமிலம் இருப்பது வியப்பல்லவா? டைரோசின் நம் உணவுப் புரதத்திலிருந்து தாராளமாகக் கிடைக்கிறது. தட்டுப்பாடு வருவது அயோடினுக்குத்தான். சேலைக்குச் சரிகை போல, அளவில் சிறிது, ஆனால் அது இல்லாமல் வேலை நடவாது.

இந்த ஹார்மோன் என்ன செய்கிறது? நம் செல்கள் உணவை எரித்து ஆற்றலாக்கும் வேகத்தை நிர்ணயிக்கிறது. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், குடலின் இயக்கம், எலும்பு வளர்ச்சி யாவும் இதனைச் சார்ந்தவை. குழந்தையின் மூளை வளர்வதற்கு இது இன்றியமையாதது.

கட்டளை எங்கிருந்து வருகிறது?

இனி ஆர்டர் தரும் இடத்துக்கு வருவோம். மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி தொங்குகிறது. அது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் அனுப்புகிறது. இது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். "சரக்கு வேண்டும், தறியை ஓட்டு" என்ற கட்டளைச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்யூட்டரிக்கு மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி மேலாளராக இருந்து அதற்குக் குறிப்புத் தருகிறது.

இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி உடனே கட்டளைச் சீட்டுகளைக் கூடுதலாக அனுப்பும். டி.எஸ்.எச். உயரும். தைராக்சின் மிகுந்தால் சீட்டுகளை நிறுத்திக்கொள்ளும். டி.எஸ்.எச். தாழும். விளைவே காரணத்தைக் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டை எதிர்மறைப் பின்னூட்டம் என்கிறோம்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தைராய்டைச் சோதிக்கும் மருத்துவர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் தைராய்டின் சரக்கை அல்ல. அதற்கு வந்த கட்டளையை. ஏனெனில் தைராக்சின் சிறிதளவு குறைந்தாலும் டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். கடையில் இரண்டு சேலை குறைந்தது நம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் சங்கத்திலிருந்து நாளுக்குப் பத்துச் சீட்டு வந்தால் தெரியாமல் போகுமா?

சோம்பலா, நோயா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். முன்பு நன்றாகப் படித்தவள். இப்போது வகுப்பில் தூங்கி வழிகிறாள். மற்றவர்கள் மின்விசிறியைக் கேட்கும்போது இவளுக்கு மட்டும் குளிர்கிறது. தோல் வறண்டு முடி கொட்டுகிறது. மலச்சிக்கல், மாதவிலக்கில் ஒழுங்கின்மை, முகத்தில் ஓர் உப்பல். இரண்டு ஆண்டுகளாக உயரம் கூடவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் "சோம்பேறி" என்ற பட்டம்தான் கிடைக்கிறது.

இவை தைராய்டு குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். இரத்தச் சோகை முதலிய வேறு காரணங்களாலும் இவற்றுள் சில தோன்றலாம். ஆகவே அறிகுறியை மட்டும் வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது. திட்டுவதற்கு முன் சோதிக்க வேண்டும். அவ்வளவே.

தறி மிக விரைவாக ஓடினால் அறிகுறிகள் தலைகீழாகும். நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கும். இதயம் படபடக்கும். கை நடுங்கும். வியர்வை பெருகும். தூக்கம் வராது. சிலருக்குக் கண்கள் பிதுங்கித் தோன்றும்.

இது அரிய நோயும் அன்று. சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அதில் சோதிக்கப்பட்ட வயது வந்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு குறைவு காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம்.

மருத்துவரிடம் போனால்

முதலில் அருகிலுள்ள பொது மருத்துவரிடமோ காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ காட்டலாம். எளிய தைராய்டு குறைவுக்கு அங்கேயே மருத்துவம் கிடைக்கும். குழந்தைகள், கருவுற்றவர்கள், தைராய்டு மிகையானவர்கள், கழுத்தில் கட்டி உள்ளவர்கள், மாத்திரை சாப்பிட்டும் அளவு சரியாகாதவர்கள் ஆகியோரைத் தேவைக்கேற்ப நிபுணரிடம் அனுப்புவார்கள். கிழக்கே சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும், மேற்கே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்று தனித்துறைகள் உள்ளன. காஞ்சியிலிருந்து இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான்.

நிபுணர் முதலில் கேள்விகள் கேட்பார். எடை கூடியதா, குறைந்ததா? குளிர் தாங்கவில்லையா, வெப்பம் தாங்கவில்லையா? வீட்டில் அம்மா, பாட்டி, அத்தை யாருக்காவது தைராய்டு தொல்லை உண்டா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? மாதவிலக்குப் பற்றியும் கேட்பார். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

பிறகு நாடியைப் பார்ப்பார். கைகளை நீட்டச் சொல்லி நடுக்கம் இருக்கிறதா என்று கவனிப்பார். உங்களுக்குப் பின்னால் நின்று, இரு கை விரல்களாலும் கழுத்தைத் தொட்டபடி, ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கச் சொல்வார். விழுங்கும்போது தைராய்டு குரல்வளையுடன் சேர்ந்து மேலெழும். அப்போது அதன் அளவும், கட்டி இருந்தால் அதுவும் விரலுக்குத் தட்டுப்படும். குதிகால் நரம்பைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. தைராய்டு குறைந்தவர்களுக்குத் துள்ளிய பாதம் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும்.

கட்டி இருந்தால் அல்ட்ரா சவுண்டு படம் எடுக்கச் சொல்வார். தேவையானால் மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கழுத்தில் கட்டி என்றதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்லாதவை. ஆயினும் சோதிக்காமல் விடவும் கூடாது.

அறிக்கையைப் படிப்போம்

இரத்தச் சோதனையில் வளர்ந்தவர்களுக்கு டி.எஸ்.எச். இயல்பான அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இது சற்று மாறும். இதனுடன் டி-4 அளவையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு நிலைகள் தெரியும்.

1. டி.எஸ்.எச். அதிகம், டி-4 குறைவு: சீட்டுகள் குவிகின்றன, தறி ஓடவில்லை. பழுது தைராய்டில்தான்.

2. டி.எஸ்.எச். அதிகம், டி-4 இயல்பு: தறி கூடுதல் நேரம் ஓடிச் சமாளிக்கிறது. உடனே மருந்தா, கொஞ்ச காலம் கவனிப்பதா என்பதை மருத்துவர் வயதையும் நிலையையும் பார்த்து முடிவு செய்வார்.

3. டி.எஸ்.எச். மிகக் குறைவு, டி-4 அதிகம்: சங்கம் வேண்டாம் என்று நிறுத்திய பிறகும் தறி தானாக ஓடுகிறது.

4. டி.எஸ்.எச். குறைவு, டி-4 குறைவு: கடை காலி, ஆனாலும் சீட்டு வரவில்லை. பழுது பிட்யூட்டரியிலோ அதற்கு மேலேயோ இருக்கலாம். இதனால்தான் சில நேரங்களில் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது.

தறி ஏன் பழுதாகிறது? அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் காரணம் நம் உடலின் காவற்படையே! கிருமிகளைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தைராய்டையே தாக்குகிறது. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் இத்தகைய தைராய்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்து விவரித்தார். ஆகவே இது ஹாஷிமோட்டோ நோய் எனப்படுகிறது. மூன்றாம் நிலையில் பெரும்பாலும் காணப்படுவது கிரேவ்ஸ் நோய். இதில் எதிர்ப்பொருள்கள் டி.எஸ்.எச். போல நடித்துத் தைராய்டைத் தூண்டிவிடுகின்றன. போலிக் கட்டளைச் சீட்டு என்று சொல்லலாம்! தைராய்டின் வேலையை மட்டுப்படுத்தும் மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை ஆகிய மூன்று வழிகளில் ஒன்றால் இதனைக் கட்டுப்படுத்துவார்கள்.

மாத்திரையும் ஒரு கணக்கும்

குறைவுக்கு மருந்து என்ன? குறைந்த பொருளையே கொடுப்பதுதான். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். உடல் வீங்கி, மந்தமாகிக் கிடந்த அவர் தேறினார். மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று ஆட்டுச் சாறு தேவையில்லை. ஆய்வகத்தில் செய்த தைராக்சின் சிறு மாத்திரையாகக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

இதைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். காபி, தேநீர், சிற்றுண்டி எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே அவற்றை 4 மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை பெறும் மாணவர்கள் இதைக் கவனிக்கவும்.

மாத்திரை தொடங்கியதும் 6 வாரம் கழித்து வரச் சொல்வார்கள். ஏன் 6 வாரம்? இரத்தத்தில் உள்ள டி-4 பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். நாள்தோறும் ஒரே அளவு மாத்திரை சாப்பிட்டால், இறுதியில் எட்ட வேண்டிய அளவில் முதல் வாரத்தில் பாதி எட்டும். இரண்டாம் வாரத்தில் நான்கில் மூன்று பங்கு. மூன்றாம் வாரத்தில் எட்டில் ஏழு. ஐந்தாம் வாரத்தில் 32-இல் 31 பங்கு, அதாவது சுமார் 97 சதவீதம். அதன் பிறகு டி.எஸ்.எச். நிலைப்படச் சிறிது காலம் வேண்டும். பத்தே நாளில் சோதித்து, மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வது எவ்வளவு தவறு பாருங்கள்!

இன்னொரு தவறும் பலர் செய்கிறார்கள். சோதனையில் டி.எஸ்.எச். 2 என்று வந்ததும், "நோய் போய்விட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தறி சரியாகவில்லை, வெளியிலிருந்து சேலை வந்ததால் கடை நிரம்பியது. வரவை நிறுத்தினால் சில வாரங்களில் கடை மீண்டும் காலியாகும். நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

கடல் பக்கம்தானே?

அயோடினுக்கு வருவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். 70 ஆண்டு வாழ்க்கைக்குக் கணக்கிட்டால் 150 × 365 × 70, அதாவது 4 கிராமுக்கும் குறைவு. ஆயுள் முழுமைக்கும் ஒரு சிட்டிகைதான்! ஆனால் உடல் அதை ஒட்டுமொத்தமாகச் சேமித்து வைத்துக்கொள்ளாது. தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வராவிட்டால்? சரிகை இல்லாத நெசவாளருக்கு மேலும் மேலும் ஆர்டர் வந்தால் என்ன செய்வார்? தறிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவார். தைராய்டும் அப்படியே. டி.எஸ்.எச். தூண்டத் தூண்டச் செல்கள் பெருகிச் சுரப்பி வீங்கும். இதுவே முன்கழுத்துக் கழலை.

மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் 1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் வழங்கினர். சுமார் ஆறு ஆண்டுகளில் முதல் இரண்டு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. மூன்றாம் பகுதியில் குறையவில்லை. 1962-இல் கழலைக் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. 2006-இல் அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

"நமக்குக் கடல் பக்கம்தானே, கடல் உப்பில் அயோடின் இருக்காதா?" என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் உப்புகள் 35 கிராம். அயோடின் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம். அது முழுவதும் உப்பிலேயே தங்கினாலும் ஒரு கிராம் உப்புக்கு 1.7 மைக்ரோகிராம்தான் வரும். 10 கிராம் உப்புக்கு 17. தேவையோ 150! உண்மையில் உப்பளத்தில் உப்பு படியும்போது அயோடினில் பெரும்பகுதி எஞ்சிய நீருடன் போய்விடுகிறது. ஆகவே மரக்காணத்து உப்பானாலும் தூத்துக்குடி உப்பானாலும் அயோடினைத் தனியே சேர்த்தாக வேண்டும். வீட்டுக்கு வரும் அயோடின் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி.

அதிக அயோடின் சாப்பிட்டால் தைராய்டு குணமாகுமா? ஆகாது. ஹாஷிமோட்டோ நோயில் அயோடின் மிகுந்தால் கெடுதலும் நேரலாம். உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. சரியான உப்பாக இருந்தால் போதும்.

பிறந்த குழந்தைக்கு ஒரு துளி

ஏறத்தாழ 1,000 குழந்தைகளில் ஒன்று தைராய்டு குறைவுடன் பிறக்கிறது. தாயிடமிருந்து சிறிது தைராக்சின் வந்திருப்பதால் பிறந்தவுடன் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அறிகுறி தெரியும் வரை காத்திருந்தால் மூளைக்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. பிறந்து சில நாள்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்த்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து உங்களைப் போல் பள்ளிக்கு வரும். உங்கள் வீட்டில் அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்தால், "தைராய்டுச் சோதனை செய்தாயிற்றா?" என்று நினைவூட்டுங்கள்.

செய்து பாருங்கள்

ஆசிரியர் துணையுடன் பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்யுங்கள். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் ஒன்றில் அயோடின் சேர்த்த உப்பும், மற்றதில் அயோடின் சேர்க்காத கல் உப்பும் ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஆறிய கஞ்சித் தண்ணீர் சில துளிகள், நிறமற்ற பொட்டாசியம் அயோடைடுக் கரைசல் சில துளிகள், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு துளிகள் விடுங்கள். ஒன்றில் நீல நிறம் தோன்றும். உப்பில் உள்ள அயோடேட் ஒன்றும் நாம் சேர்த்த அயோடைடு ஐந்தும் அமிலத்தில் வினைபுரிந்து மூன்று அயோடின் மூலக்கூறுகளைத் தருகின்றன. அயோடின் மாவுப்பொருளை நீலமாக்கும். சோதித்த உப்பைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

அடுத்து உங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தில் ஒரு சிறிது கொண்டுவந்து இதே முறையில் சோதியுங்கள். வகுப்பில் எத்தனை வீட்டு உப்பு நீலமாகிறது என்று எண்ணி, 100-க்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். நீலமாகாத வீடுகளில் அன்று மாலையே சொல்லிவிடுங்கள்.